கோயிலை வைத்துப் பொருத்திய கோடு

செய்தி வந்தபோது குழாயடியில் இருந்தவர்கள்: நான், என் மருமகள் சரசாள், பேத்தி கவிதா, எதிர்வீட்டு மாராத்தாள், அவள் வீட்டுக்காரர் சின்னான், அங்கன்வாடி டீச்சர் ஸ்டெல்லா, பால் ஊற்ற வந்த குப்புராஜ். குப்புராஜை ஏன் சேர்க்கிறேன் என்றால், செய்தியைக் கேட்டுவிட்டு "யாரு, அந்த மேப்புக்காரரா?" என்று ஒரு வார்த்தை கேட்டவன், உடனே பால் அளக்கப் போய்விட்டான். அன்றோடு அவனிடம் பால் வாங்குவதை நிறுத்தினேன், இன்னும் மறுபடி தொடங்கவில்லை.

கவிதாவின் போனுக்குத்தான் வந்தது. காதில் வைத்தவள் குடத்தைத் தரையில் இறக்கினாள்.

"ஆத்தா, நாச்சிமுத்து சார் போயிட்டாராமா."

"எங்கடி போனாரு?" என்றாள் மாராத்தாள்.

"ஆபீஸ்லயே. நெஞ்சு வலிக்குதுன்னாராமா. தண்ணி கொண்டாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சாமா."

ஸ்டெல்லா டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். சின்னான் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சரசாள் தன் குடம் நிரம்பும் வரை நின்று, நிரம்பியதும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் அழவில்லை என்று மாராத்தாள் பிறகு குறையாகப் பேசினாள். அழாமல் இருக்க அவளுக்கு உரிமை உண்டு. அது ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நாச்சிமுத்து அவர்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பீளமேட்டில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் நிலப்படம் போடுகிற வேலையில் இருந்தவர். சொந்த ஊரில் தோப்பும் கிணறும் உள்ள குடும்பம். நாங்கள் அப்படிப்பட்ட தோப்புகளில் வேலை செய்து பிழைத்தவர்கள். தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்துக்கு முன்னால், ஒரே வரிசையில் இருக்கும் வீடுகள்தான் எங்கள் வளவு. அரசாங்கம் கொடுத்த பட்டா. என் மாமனார் காலத்தில் கொடுத்தது.

அவர் முதலில் வந்தது ஒரு தை மாதம். கையில் ஒரு கருவி, அதன் தலையில் காளான் மாதிரி ஒரு வெள்ளைக் குடை. காட்டு எல்லைக் கற்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று நடந்து பார்த்துக் குறிக்க வேண்டுமாம். அப்போது கல்யாணம் ஆகாதவர், ஒல்லியானவர். என் மகன் பழனிதான் கூடப் போய்க் கல் கல்லாகக் காட்டினான். முள்ளுக்குள் மூழ்கிப்போன கல்லைக்கூடக் கத்தியால் வெட்டித் திறந்து காட்டினான்.

திரும்பி வந்தபோது நாச்சிமுத்து அவர்களுக்கு நல்ல தாகம். எங்கள் வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்தார். அவருடைய ஆட்கள் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க சாமி, தண்ணி குடிப்பீங்களா?" என்று கேட்டேன். கேட்கும்போதே பயம்தான்.

"குடிக்கறனுங்க. ஆனா சாமின்னு கூப்புடாதீங்கம்மா. என்னைக் கண்ணுன்னு கூப்புடுங்க."

செம்பை வாயில் வைத்தே குடித்தார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. பக்கத்தில் பழனி அறுத்துப் போட்ட முட்டைக்கோசு கிடந்தது. அந்தக் கருவி என்ன செய்கிறது என்று கேட்டேன். அவர் கோசின் வெளி இலை ஒன்றைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். குழிந்த இலை, கிண்ணம் மாதிரி இருந்தது.

"பூமி உருண்டைங்க, படம் தட்டைங்க. இந்த எலையைத் தட்டையாக்குங்க பாக்கலாம்."

கல்லின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். நரம்போரமாக விரிசல் விட்டது.

"அவ்வளவுதானுங்க. அழுத்தினா எங்கியாச்சும் கிழியும், இல்லாட்டி இழுபடும். எங்க கிழிய உடறது, எங்க இழுக்கறதுன்னு ஒவ்வொரு காலத்துல அளந்தவங்க ஒவ்வொரு மாதிரி முடிவு பண்ணியிருக்கறாங்க. வெள்ளைக்காரன் காலத்து நெலப்படச் சீட்டு ஒரு மாதிரி, மேல சுத்தற சாட்டிலைட்டுப் படம் ஒரு மாதிரி. ஒண்ணு மேல ஒண்ணு வெக்கோணும்னா, இது எந்த மாதிரி அழுத்துனதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிப்போடோணுங்க. சொல்லாம வெச்சா ஒட்டாது."

"ஒட்டலீன்னா என்ன கண்ணு பண்ணுவீங்க?"

"எந்த மாதிரின்னு கண்டுபுடிக்கோணுங்க. கண்டுபுடிக்கற வரைக்கும் கை வெக்கக் கூடாதுங்க."

இந்தச் சொல்லை நான் அப்படியே வைத்திருக்கிறேன். கண்டுபிடிக்கும் வரைக்கும் கை வைக்கக் கூடாது. அவர் வாயால் சொன்னது.

மத்தியானச் சோற்றை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் மாரியம்மன் மேடைக்குப் போனோம். மேடை என்றால் வெறும் கல் மேடைதான், மேலே ஒன்றும் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது கோயிலை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். மேடையின் ஒரு ஓரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். புதுக் கோயிலைக் கிழக்கே, ஒரு தோப்புக்காரர் கொடுத்த இடத்தில், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் கட்டினோம்.

"அப்ப ஆத்தா இங்கதான் இருந்தாளா?" என்று அவர் கேட்டார்.

"இங்கதானுங்க. நீங்க உக்காந்திருக்கறது அவ நடு ஊட்டுல," என்றான் பழனி. பழனிக்கு எப்போதும் விளையாட்டுத்தான். நாச்சிமுத்து அவர்கள் சட்டென்று எழுந்து ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தார். மூன்று பேரும் சிரித்தோம். புளிச்சோறு. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வருடம் அவருக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க அவரே வளவுக்கு வந்தார். நானும் பழனியும் போனோம். மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் அவருடைய மாமா ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். பட்டு வேட்டி, நெற்றியில் பெரிய பொட்டு, இடது காதில் கடுக்கன். "நீங்கெல்லாம் கடைசிப் பந்தியில உக்காந்துக்குங்க" என்றார். அவர் இன்னும் இருக்கிறார் என்று கேள்வி. இருக்கட்டும்.

மாலையோடு இருந்த மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். மாமாவிடம் ஒரு சொல் சொல்லவில்லை. "வாங்கம்மா" என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போய், சமையல் கட்டுப் பக்கக் கதவு வழியாக உள்ளே விட்டு, முதல் பந்தியிலேயே உட்கார வைத்தார். இலை போடுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். பக்கத்து இலையில் இருந்தவரிடம் "என்ற ஒறம்பரைங்க" என்று எங்களைச் சொந்தக்காரர்களாகச் சொன்னார்.

அன்று அது எனக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்று எழுதிக் காட்ட முடியாது. திரும்பி வரும் பஸ்ஸில் பழனியிடம் "இப்படி ஒரு மனுசனா" என்று சொல்லிச் சொல்லி வந்தேன். பழனி மட்டும், "அந்த மாமங்காரனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லோ அம்மா" என்றான். "கல்யாணத்தன்னைக்கு யாரு சண்டை போடுவாங்க" என்று அவன் வாயை அடைத்தேன்.

அதற்குச் சில வருடங்கள் கழித்து யானைக்கு அகழி வெட்ட வந்தார்கள். யானை காட்டைவிட்டு வராமல் இருக்க எல்லையோரமாக வெட்டுகிற பள்ளம். நாங்கள் சந்தோஷப்பட்டோம். எங்கள் வீடுகளுக்குப் பின்னால், மலைப் பக்கமாக வெட்டுவார்கள், இனி வாழை மிஞ்சும் என்று நினைத்தோம். பொக்லைன் வந்தது. வெள்ளைச் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். கோடு எங்கள் வீட்டுக்கு முன்னால் விழுந்தது, கிழக்குப் பக்கத்தில். எங்கள் வளவு மொத்தமும் காட்டுப் பக்கத்துக்குப் போய்விட்டது.

பழனி வண்டியின் முன்னால் போய் நின்றான். ஓட்டுகிற ஆள் சின்ன வயது, சேலத்துப் பக்கம்.

"அண்ணா, படத்துல இப்படித்தான் இருக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

"கல்லு எல்லாம் அக்கட்ட இருக்குது கண்ணு. வா, காட்டறேன்."

"கல்லைப் பாத்து எனக்குச் சம்பளம் தரமாட்டாங்கண்ணா."

பழனி நாச்சிமுத்து அவர்களுக்குப் போன் செய்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். "பாக்கறனுங்க பழனி, கேட்டுச் சொல்லறனுங்க" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. மறுபடி போன் வரவில்லை. பள்ளம் வெட்டி முடித்தார்கள். வீட்டுக்குப் போக எங்களுக்கு மூன்று தென்னை மரத்தைப் படுக்கப் போட்டு ஒரு பாலம் கொடுத்தார்கள்.

முன்பெல்லாம் யானை எங்கள் வளவை ஒட்டி இறங்கிக் கிழக்கே ஓடைக்குப் போய்விடும். வரும், போகும். அகழி வந்த பிறகு இறங்கி வந்த யானை பள்ளத்தைப் பார்த்து நின்றது. தாண்ட முடியாமல் திரும்பி எங்கள் வீடுகளுக்கு நடுவே சுற்றத் தொடங்கியது. மார்கழியில் ஒரு விடியற்காலை பழனி பல் துலக்க வெளியே போனான். பனி மூட்டம். சுவரோரம் நின்றது அவனுக்குத் தெரியவில்லை. சரசாள் உள்ளே அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதமாட்டேன்.

காரியம் முடிந்த பிறகு நாச்சிமுத்து அவர்கள் தனியாக வந்தார். பாலத்தைத் தாண்டும்போதே அழுதுகொண்டு வந்தார். தின்பண்டம் ஒன்றும் வாங்கி வரவில்லை, அந்த மட்டும் அறிவு இருந்தது. வெறும் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, அந்தக் கோட்டை வெச்சது நானுங்க."

எனக்கு விளங்கவில்லை. "எந்தக் கோடு?" என்றேன்.

"காட்டெல்லைக் கோடுங்க. பழைய சீட்டைக் கம்ப்யூட்டர்ல போட்டனுங்க. சாட்டிலைட்டுப் படத்தோட ஒட்டலீங்க. எந்த மாதிரி அழுத்துன சீட்டுன்னு அதுல எழுதியில்லை. தேடிப் பாக்கறேன், டைம் குடுங்கன்னு கேட்டேன். மேலாளரு, மத்தியானம் படத்தைக் குடுத்தாகோணும், அங்கதான் கோயில் தெரியுதே, கோயிலை வெச்சுப் பொருத்திப்போடுன்னாரு. சீட்டை அப்படியே புடிச்சு இழுத்து, சீட்டுல இருக்கற கோயில் சாட்டிலைட்டுல தெரியற கோயில் மேல உக்கார்ற மாதிரி வெச்சனுங்க."

"சாட்டிலைட்டுல தெரியறது புதுக் கோயிலல்லோ?"

"ஆமாங்க."

"சீட்டுல இருக்கறது பழைய கோயில்."

"ஆமாங்க. சீட்டு மொத்தமும் கெழக்க நகந்துபோச்சுங்க. கூடவே எல்லையும்."

"உனக்குத் தெரியுமல்லோ. அந்த மேடையில உக்காந்து சோறு தின்னயல்லோ நீ?"

அவரை நான் 'நீ' என்றது அன்றுதான் முதல் தடவை. அவர் தலை நிமிரவில்லை.

"ஞாபகம் வந்துச்சுங்க. கை மவுஸ் மேல இருக்கறப்பவே வந்துச்சு. சொல்ல வாயெடுத்தேன். முடிஞ்சுதான்னு கேட்டாரு. முடிஞ்சுதுங்கன்னுட்டேன்."

"நீயும் பழனியும் நடந்து அளந்தது எங்க போச்சு?"

"அது கோட்டோட சேரலீங்க. தென்னைக்கு அடியில சிக்னல் கெடைக்காது, கருவி பெசகியிருக்கும்னு ஒதுக்கிட்டாங்க."

"அவன் போன் பண்ணுனானே?"

"அன்னைக்கும் சொல்லத்தான் போனனுங்க. மேலாளரு ஊட்டுல மக கல்யாணம். பந்தல் போட்டுட்டு இருந்தாங்க. அங்க போயி எப்படிங்க..."

உள்ளே சரசாள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி விளக்க ஆரம்பித்தாள்.

அவரைப் போகச் சொல்லவில்லை நான். யாரும் கேட்காமல், தானாக வந்து சொன்ன மனுசன். சொல்லாமலே இருந்திருந்தால் எங்களுக்கு எந்தக் காலத்திலும் தெரியப் போவதில்லை. அதை அவர் கணக்கில் வைத்தேன், இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

அவர் சரிசெய்கிறேன் என்றார். அது எப்படி என்று கவிதா கேட்டாள். அப்போது அவள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு நர்சிங் சேரக் காத்திருந்தாள்.

"மேல்தொட்டி இருக்குதல்லோ கண்ணு, அந்த மாதிரி. எங்க ஆபீஸ்ல இருந்து இன்டர்நெட்டுல அந்தப் படத்தை உட்டிருக்கறோம். எந்த ஆபீஸ்ல யாரு தொறந்தாலும் அங்கிருந்துதான் கோடு எறங்கும். கரண்டு குடுக்கறவங்க, பட்டா பாக்கறவங்க, எல்லாரும் அந்தத் தண்ணியத்தான் புடிக்கறாங்க. தொட்டியில மாத்துனா எல்லாக் கொழாயிலயும் மாறும்."

அதற்கு அவருக்குப் பல மாதம் ஆனது. அந்தப் பழைய சீட்டு எந்த முறையில் அழுத்தியது என்று தேடித் தேடிக் கண்டுபிடித்தார். அதைக் கம்ப்யூட்டருக்குச் சொன்னதும் சீட்டு தானாகப் போய் உட்கார்ந்ததாம். பழனி வெட்டித் திறந்து காட்டின கற்கள் ஒன்று பாக்கியில்லாமல் கோட்டின் மேல் விழுந்தன என்றார். கவிதாவின் போனில் நானே பார்த்தேன். எங்கள் ஓட்டு வரிசை தெரிந்தது, பச்சைக் கோடு அதற்குப் பின்னால் மலைப் பக்கமாகப் போயிருந்தது. மாராத்தாள் கேசரி கிண்டி வளவு முழுக்கக் கொடுத்தாள். சரசாளுக்கும் கொடுத்தாள். சரசாள் வாங்கி வைத்தாள், தின்னவில்லை. "கோடு நவுந்துச்சு, பள்ளம் நவுரலியே" என்று மட்டும் சொன்னாள்.

கொஞ்ச நாளில் கோடு பழையபடி வீட்டுக்கு முன்னால் வந்துவிட்டது.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் படத்தைச் சரிபார்த்திருக்கிறாள். சீட்டில் இருக்கிற கோயில் சாட்டிலைட்டில் தெரிகிற கோயிலோடு ஒட்டவில்லை. யாரோ தெரியாமல் வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, பிடித்து இழுத்துக் கோயில் மேல் பொருத்திவிட்டாள். நாச்சிமுத்து அவர்கள் மறுபடி திருத்தினார். அவள் வேறு வேலைக்குப் போனாள். அடுத்து வந்தவரும் அதையே செய்தார். இதற்கு நடுவில் சில அலுவலகங்கள் தொட்டியிலிருந்து ஏற்கெனவே பிடித்து வைத்த பழைய தண்ணீரையே புழங்கிக்கொண்டிருந்தன. தொட்டியில் மாறியது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

"கோயில் எடம் மாறுச்சுன்னு அதுலயே எழுதி வெச்சுட்டீங்கன்னா அடுத்தவங்க தொடமாட்டாங்கல்லோ சார்?" என்று கவிதா கேட்டாள்.

"எழுதுனா, அப்ப மொதல்ல தப்பா வெச்சது யாருன்னு கேப்பாங்க கண்ணு."

"நீங்கதான்னு சொல்லுங்க."

"என்னைச் சொன்னா அவரைச் சொன்ன மாதிரி. எனக்கு வேலை குடுத்துச் சோறு போட்ட மனுசன். ரிட்டையர் ஆகப் போறாரு."

ஆக, அவர் திருத்தியதெல்லாம் சத்தம் இல்லாமல், காரணம் சொல்லாமல், பக்கக் கதவு வழியாக. கல்யாண மண்டபத்தில் என்னை உள்ளே விட்ட அதே மாதிரிதான். அன்று பழனி சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பிறகு எங்கள் கதவுகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். காட்டு எல்லைக்குள் குடியிருக்கிறோமாம். காலி செய்தால் மதுக்கரைப் பக்கம் அடுக்கு வீடு தருவார்களாம். ஆட்டை எந்த மாடியில் கட்டுவது என்று சின்னான் கேட்டார். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று ஒரு கூட்டம் வைத்தார்கள். வளவே போனது. நாச்சிமுத்து அவர்களும் வந்திருந்தார், அலுவலகத்தின் சார்பாகப் படத்தைக் காட்டுவதற்கு. பக்கத்து நாற்காலியில் மேலாளர். ரிட்டையர் ஆன பிறகும் ஆலோசகர் என்று கூட வைத்திருந்தார்கள். நல்ல மனுசன் மாதிரிதான் இருந்தார், என்னைப் பார்த்து வணக்கம்கூடச் சொன்னார்.

நான் எழுந்து கோயில் இடம் மாறிய கதையைச் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு நாச்சிமுத்து அவர்கள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. இந்தக் கோடு சரியா?"

அவர் என்னைப் பார்த்தார். சரசாளைப் பார்த்தார். மேலாளரைப் பார்த்தார். ஒரு மூச்சு இழுத்தார். இதோ சொல்லப் போகிறார் என்று கவிதா என் கையைப் பிடித்தாள்.

"படத்துல இருக்கறது இதுதானுங்க" என்றார்.

பொய் இல்லை. படத்தில் இருந்தது அதுதான். அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்த ஊர்க்காரர்களைக் கூப்பிட்டார்கள்.

அதன்பின் நான் அவரோடு பேசவில்லை. ஆனால் அவர் வருவதை நிறுத்தவில்லை. வந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். தண்ணீர் கொடுப்பேன், குடிப்பார், போவார். கடைசியாக வந்த அன்றுதான் மறுபடி பேச்சு.

"எனக்குச் சபையில பேச வரமாட்டீங்குதும்மா" என்றார்.

"கோடு இழுக்க வந்துச்சல்லோ."

"அடுத்த கூட்டத்துல சொல்லிப்போடறனுங்க. எல்லாத்தையும். சத்தியமா."

"அடுத்த கூட்டம் எப்ப?"

"சொல்லுவாங்கம்மா."

போகும்போது பாலத்தின் மேல் நின்று அகழியைக் குனிந்து பார்த்தார். முடி நிறைய நரைத்திருந்தது. நாற்பதுதான் இருக்கும். "வாரனுங்கம்மா" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இழவுக்குப் போனேன். கவிதாவும் வந்தாள். கூட்டம் நிறைய. அவரால் ஒரு கெடுதலும் அடையாத ஜனங்கள் எவ்வளவு பேர் என்று அங்கேதான் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வாய் லேசாகத் திறந்திருந்தது. மேலாளர் மாலை போட்டுவிட்டு, வேட்டியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நான் யார் என்று அவருக்கு நினைவில்லை.

"தங்கமான பையனுங்க. இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனதில்லை."

"அதுதானுங்க" என்றேன்.

கவிதா அவருடைய அலுவலகத்து ஆள் ஒருவரைப் பிடித்துக் கேட்டாள். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். "எங்க வளவு இருக்கற பக்கத்துக் கோடு என்ன ஆச்சுங்க?"

"அவரு கம்ப்யூட்டர்ல அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஏகப்பட்ட கோடு வெச்சிருக்கறாருங்க. எது சரின்னு அவருக்குத்தான் தெரியும். கோயிலோட ஒட்டறதை வெச்சுக்கிட்டு மத்ததை அழிச்சிரலாம்னு இருக்கறோம்."

அவர் மனைவி கோகிலாதான் காரியத்துக்கு அச்சடிக்கிற இந்தச் சிறு புத்தகத்துக்கு என்னை எழுதச் சொன்னாள். இது அவருடைய அலுவலகத்தில் எல்லோர் கைக்கும் போகும் என்றாள். அதனால்தான் ஒத்துக்கொண்டேன். படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: மாரியம்மன் கோயில் இடம் மாறியது. பழைய மேடை சாலையோரம் இன்னும் இருக்கிறது. புதுக் கோயிலை வைத்துப் பொருத்தாதீர்கள். இதைப் படித்து யாராவது கோட்டை நகர்த்துவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. நகர்த்தினாலும் அடுத்து வருகிறவர் இழுப்பார். அகழி இருக்கிற இடத்தில்தான் இருக்கும். நோட்டீஸும் கதவில்தான் இருக்கிறது, மழையில் எழுத்து கரைந்தும் கிழியவில்லை.

எழுதியதைக் கோகிலாவுக்கு முதலில் வாசித்துக் காட்டினேன். கடைசி வரியில் ஒரு பெயர் இருக்கிறது, வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"இருக்கட்டுங்கம்மா" என்றாள். "ஊட்டுலயும் ஒண்ணையும் வாயத் தொறந்து சொல்லமாட்டாருங்க."

கண்ணு, எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றியவரே, என் கையால் தண்ணீர் வாங்கி வாய் வைத்துக் குடித்தவரே, போய்ச் சேருங்கள். அங்கே பழனி இருப்பான். உங்களோடு பேசுவான், அவனுக்கு வஞ்சம் வைக்கத் தெரியாது. என் பிள்ளை அவன் அப்பனைக் கொண்டு பிறந்தவன்.

எனக்கு வைக்கத் தெரியும். யானையை அன்றைக்கே மன்னித்தேன், அதற்குப் போக வழி இல்லை. பொக்லைன்காரனை மன்னித்தேன், அவன் சுண்ணாம்பைப் பார்த்து வெட்டினான். கோயிலை வைத்து இழுத்த அந்தப் பெண்ணை மன்னித்தேன், யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மேலாளரைக்கூட விட்டேன். அவர் எங்கள் மேடையில் உட்கார்ந்து சோறு தின்றதில்லை, பழனியோடு கல் கல்லாக நடந்ததில்லை, அவருக்கு நாங்கள் படத்தில் ஒரு புள்ளி. இத்தனை பேரில் படத்தையும் தெரிந்து எங்களையும் தெரிந்தவர் ஒரே ஒருவர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒருவரை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

நாச்சிமுத்து.